‘அக்கா, சைக்கிள் ஓட்டினா சம்பளம் வருமா?’

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல ரெண்டு வாரம் இடைவெளி விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திருவண்ணாமலை. இந்த எபிசோடே அங்க கிடைச்ச ஒரு கேள்விதான்.

எங்க சித்தி பொண்ணு பதினொண்ணாவது படிக்கறா. இந்த வருஷம்தான் அரசாங்கத்தோட இலவச சைக்கிள் கிடைச்சுது. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச சைக்கிள்தான்: முன்னாடி கூடை, பின்னாடி கேரியர், கியர் கிடையாது. அந்த சைக்கிள்ல இவ தினமும் விடியக்காலையில கிரிவலப் பாதையை ஒரு சுற்று சுத்தறா. 14 கிலோமீட்டர். போன்ல டைம் பார்த்து நோட்டுல எழுதி வைக்கறா. நான் பார்த்த கடைசி எண் 36 நிமிஷம்.

அவ ஸ்கூல் பி.டி. டீச்சர், "சென்னையில செலக்‌ஷன் ட்ரயல் நடக்குது, அனுப்பறீங்களா? தேர்வானா ஹாஸ்டல்ல தங்கணும்"னு வீட்டுல கேட்டிருக்காங்க. சித்தப்பா கோயில் பக்கத்துல பூக்கடை வெச்சிருக்கார். அவர் 'முடியாது'ன்னு சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "இதுல சோறு கிடைக்குமா?" அதைத்தான் தங்கச்சி கொஞ்சம் நாகரிகமா மாத்தி என்கிட்ட கேட்டா: "அக்கா, சைக்கிள் ஓட்டினா சம்பளம் வருமா?"

அப்போ என்கிட்ட பதில் இல்ல. இந்த ரெண்டு வாரமா படிச்சதை வெச்சு இன்னைக்கு பதில் சொல்லப் பார்க்கறேன்.

முதல்ல, 36 நிமிஷம்னா என்ன?

14 கிலோமீட்டரை 36 நிமிஷத்துல முடிச்சா, சராசரியா மணிக்கு 23 கிலோமீட்டர் வேகம். கியர் இல்லாத கனமான சைக்கிள்ல, கூடையோட, இது நல்ல வேகம். உச்சத்துல இருக்கறவங்க எவ்வளவு போவாங்க?

சைக்கிளிங்ல 'அவர் ரெக்கார்ட்'னு ஒரு சாதனை உண்டு. உள்ளரங்க ட்ராக்ல தனியா ஒரு மணி நேரம் ஓட்டணும். எவ்வளவு தூரம் போறோம்ங்கறதுதான் கணக்கு. இத்தாலியைச் சேர்ந்த விட்டோரியா புஸ்ஸி 2023 அக்டோபர்ல 50.267 கிலோமீட்டர் ஓட்டினாங்க. ஒரு மணி நேரத்துல 50 கிலோமீட்டரைத் தாண்டின முதல் பெண் அவங்கதான். நம்ம அளவுல சொன்னா, ஒரு கிரிவலத்தை 17 நிமிஷத்துக்குள்ள முடிக்கற வேகம். அதே வேகத்துல மூணரை சுற்று.

'அப்போ தங்கச்சி வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா போதுமே'ன்னு தோணும். அங்கதான் காற்று குறுக்க நிக்குது. சமதளத்துல வேகமா போறப்போ நம்ம சக்தியில பெரும்பகுதி காற்றைத் தள்ளறதுக்கே செலவாகுது. வேகம் ரெண்டு மடங்கானா, காற்றைத் தள்ளத் தேவைப்படற சக்தி ரெண்டு மடங்கு இல்ல, எட்டு மடங்கு. அதனாலதான் இந்த விளையாட்டுல உடம்பைக் குனிஞ்சு வெச்சுக்கறது, ஒட்டின உடை, ஹெல்மெட்டோட வடிவம்னு எல்லாத்துக்கும் இவ்வளவு மெனக்கெடறாங்க.

புஸ்ஸி பத்தி இன்னொரு தகவல். அவங்க ஆக்ஸ்ஃபர்டில கணிதத்துல முனைவர் பட்டம் வாங்கினவங்க. 2023 முயற்சிக்கு மக்கள்கிட்ட நிதி திரட்டினாங்க. உலக சாதனை செய்யற அளவுக்கு கால் இருந்தாலும் காசு தனியா தேட வேண்டியிருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ட்ராக், ரோடு: ஒரே சைக்கிள், ரெண்டு உலகம்

ட்ராக் சைக்கிளிங் 'வெலோட்ரோம்'ங்கற வட்ட அரங்கத்துல நடக்கும். ஒலிம்பிக் தரத்துல ஒரு சுற்று 250 மீட்டர். ஒரு கிரிவலம்னா 56 சுற்று. வளைவுகள்ல தளம் 40 டிகிரிக்கு மேல சாய்ஞ்சிருக்கும், கிட்டத்தட்ட சுவர் மாதிரி. சைக்கிள்ல ஒரே கியர்தான், பிரேக்கே கிடையாது. சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சுத்திக்கிட்டே இருக்கும், காலை நிறுத்த முடியாது.

போட்டிகள் பல வகை. டீம் ஸ்பிரின்ட்ல மூணு பேர் ஒண்ணா கிளம்புவாங்க. முதல் ஆள் ஒரு சுற்று முன்னாடி நின்னு காற்றை வாங்கிட்டு ஒதுங்கிடணும், ரெண்டாவது ஆள் அடுத்த சுற்று, கடைசி ஆள்தான் கோட்டைத் தாண்டுவார். கெய்ரின்ல முதல் மூணு சுற்று ஒரு சின்ன மோட்டார் வண்டிக்குப் பின்னாடி போவாங்க. அது வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் கொண்டு வந்துட்டு விலகிடும். கடைசி மூணு சுற்று வீரர்களுக்குள்ள அடிதடி மாதிரி இருக்கும்.

ரோடு சைக்கிளிங் வேற உலகம். மலை, மழை, வெயில், பல மணி நேரம். ஆண்கள் டூர் டி ஃபிரான்ஸ்ல மூணு வாரத்துல 21 கட்டம், மொத்தம் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர்.

ரோடு ரேஸ்ல ஜெயிக்கறது ஒருத்தர்தான், ஆனா அது டீம் விளையாட்டு. லாரிக்குப் பின்னாடி ஒட்டி சைக்கிள் ஓட்டின குறும்பு நம்மள்ல நிறைய பேருக்கு இருக்கும், இல்லையா? (இனிமே செய்யாதீங்க.) முன்னாடி போறது காற்றை உடைச்சுக் கொடுக்கும், பின்னாடி வர்றவருக்குப் பெடல் லேசாகிடும். டீம்ல மத்தவங்க மாத்தி மாத்தி முன்னாடி போய்க் காற்றை வாங்குவாங்க, தண்ணி பாட்டில் கொண்டு வந்து கொடுப்பாங்க, தலைவர் சக்கரம் பஞ்சரானா தன் சக்கரத்தையே கழட்டிக் கொடுப்பாங்க. கடைசி சில நூறு மீட்டருக்குத்தான் தலைவர் வெளிய வருவார்.

எங்க ஊர்ல தீபத் திருவிழா ஏழாம் நாள் தேர். அம்மன் தேரோட வடத்தைப் பெண்கள் மட்டும்தான் இழுப்பாங்க. நானும் இழுத்திருக்கேன். உள்ளங்கை சிவந்து ரெண்டு நாளைக்குத் தோசைக்கரண்டி பிடிக்க முடியாது. போட்டோவுல தேர் மட்டும்தான் வரும், எங்க யார் முகமும் வராது. ரோடு டீம்ல பெரும்பாலானவங்களோட தொழில் இதுதான்: வடம் பிடிக்கறது. அவங்களுக்கும் சம்பளம் உண்டு. வாழ்நாள்ல ஒரு பெரிய ரேஸ்கூட ஜெயிக்காம, நல்ல மரியாதையோட பத்து வருஷம் தொழில் பண்ணி ஓய்வு பெற்றவங்க நிறைய பேர் இருக்காங்க.

ரெண்டு உலகத்துலயும் ஜெயிச்சவங்க

லோட்டே கோபெக்கின்னு பெல்ஜியம் வீராங்கனை. 1995-ல பிறந்தவங்க. 2023 ஆகஸ்ட்ல ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல, ட்ராக்ல எலிமினேஷன் ரேஸ், பாயின்ட்ஸ் ரேஸ் ரெண்டுலயும் தங்கம். அதே நாட்கள்லயே ரோடு ரேஸ்லயும் தங்கம். 2024-ல ரோடு ரேஸ்ல மறுபடியும் உலக சாம்பியன். பாரிஸ் ஒலிம்பிக்ல ரோடுல ஒரு வெண்கலம்.

அவங்களோட காலைப் பத்திப் பேசறதைவிட அவங்க நாட்டைப் பத்திப் பேசணும்னு எனக்குத் தோணுது. பெல்ஜியத்தோட டச்சு பேசற பகுதி ஃபிளாண்டர்ஸ். அங்க ஊருக்கு ஊர் 'கெர்மெஸ்'னு ஒரு வழக்கம் உண்டு. மூலத்துல அது சர்ச் திருவிழா. நம்ம ஊர்த் திருவிழாவுல ராட்டினம், பஜ்ஜிக் கடை எல்லாம் வர்ற மாதிரிதான். அதோட சைக்கிள் ரேஸும் உண்டு. ஊரைச் சுத்தி ஒரு வட்டப் பாதையை அடைச்சுப் பல சுற்று ஓட விடுவாங்க. சீசன்ல வாரம் முழுக்க எங்கயாவது ஒரு ஊர்ல ஒரு ரேஸ் இருக்கும். சின்னப் பசங்களுக்குத் தனி ரேஸ், பெண்களுக்குத் தனி, தொழில்முறை வீரர்களுக்குத் தனி.

யோசிச்சுப் பாருங்க: ஒரு திருவிழா, ஊரைச் சுத்தி ஒரு வட்டப் பாதை. எங்க ஊர்லயும் ரெண்டும் இருக்கு. ஆனா ரேஸ் இல்ல.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். சைக்கிளிஸ்டோட வாழ்க்கை பெரிய பயிற்சி மையத்துல தொடங்கறது இல்ல. பன்னிரண்டு வயசுல வாராவாரம் ஓடற சின்ன ரேஸ்கள்ல தொடங்குது. கூட்டத்துக்கு நடுவுல முழங்கை உரச ஓட்டறது, எப்போ பின்னாடி ஒளியணும், எப்போ வெளிய வரணும்ங்கறது எல்லாம் தனியா கிரிவலம் சுத்திப் பழக முடியாத வித்தை. தங்கச்சி இதுவரைக்கும் ஓடின ரேஸ்களோட எண்ணிக்கை: பூஜ்யம்.

சரி, சம்பளம் யார் தர்றாங்க?

ரோடு சைக்கிளிங்ல டிக்கெட் கிடையாது. ரேஸ் பொது ரோட்டுல நடக்குது, வேலியோரமா நின்னு யார் வேணா பார்க்கலாம். கிரிக்கெட் மாதிரி ஸ்டேடியம் வருமானம் இல்ல. டீமுக்குக் காசு ஸ்பான்சர்கிட்ட இருந்துதான் வருது. அதனாலதான் டீம் பேரே கம்பெனிப் பேரா இருக்கு. ஸ்பான்சர் விலகினா டீமே காணாமப் போயிடும்.

உலக சைக்கிளிங் அமைப்பான யூ.சி.ஐ. ஆண்கள் டீம்களை மூணு படியா வெச்சிருக்கு. மேல வேர்ல்ட் டூர், நடுவுல ப்ரோ டீம், கீழ காண்டினென்டல். மேல் ரெண்டு படிக்கும் குறைந்தபட்ச சம்பளம் நிர்ணயிச்சிருக்காங்க. வேர்ல்ட் டூர்ல அது வருஷத்துக்கு 40,000 யூரோவுக்கு மேல. காண்டினென்டல் டீமுக்கு யூ.சி.ஐ. அப்படி எதுவும் நிர்ணயிக்கல. சைக்கிளும் பயணச் செலவும் கொடுத்தா அதுவே பெருசுன்னு ஓடறவங்க அங்க உண்டு.

பெண்களுக்குக் குறைந்தபட்ச சம்பளம்னு ஒண்ணு வந்ததே 2020-லதான். வேர்ல்ட் டூர் டீம்கள்ல வருஷத்துக்கு 15,000 யூரோ, அன்னைக்குக் கணக்குல ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். அடுத்த மூணு வருஷத்துல அது ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு. தங்கச்சி ஆரம்பப் பள்ளியில இருந்தப்போ இல்லாத ஒரு தொழில் இப்போ இருக்கு.

ட்ராக்ல தனியார் டீம்கள் குறைவு. நாடுதான் பயிற்சி கொடுக்கும், உதவித்தொகை கொடுக்கும். ஒரு பெரிய விதிவிலக்கு ஜப்பான். கெய்ரின் அங்க 1948-ல பந்தயப் பணத்தோட தொடங்கின ஒரு தொழில். தனிப் பள்ளியில படிச்சு உரிமம் வாங்கின ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்க அதுல சம்பாதிக்கறாங்க.

நம்ம நாட்டுல ஏறினவங்க

1951-ல டெல்லியில நடந்த முதல் ஆசிய விளையாட்டுல இந்தியா சைக்கிளிங்ல பதக்கம் வாங்கியிருக்கு. ஆனா 1964 டோக்கியோவுக்கு அப்புறம், பாரிஸ் 2024 வரைக்கும் ஒலிம்பிக் சைக்கிளிங்ல ஒரு இந்தியர்கூட இல்ல. அறுபது வருஷம்.

அந்த இடைவெளியில ரெண்டு வழியில ஆட்கள் ஏறியிருக்காங்க.

முதல் வழி, தானே படி கட்டிக்கறது. நவீன் ஜான் அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங் படிச்சப்போ சைக்கிள் ரேஸுக்கு வந்தவர். திரும்பி வந்து பெங்களூருல இருந்து ஓட்டினார். டைம் டிரையல்ல, அதாவது தனியா நேரத்தோட போட்டி போடற பிரிவுல, பலமுறை தேசிய சாம்பியன். பெல்ஜியத்துக்குப் போய் நான் சொன்ன அதே கெர்மெஸ் ரேஸ்கள்ல ஓடிக் கத்துக்கிட்டார். 2016-ல ஆஸ்திரேலியாவோட ஸ்டேட் ஆஃப் மேட்டர் மாப் ரேசிங்ங்கற காண்டினென்டல் டீம்ல சேர்ந்தார். அதே வருஷம் தோஹா உலக சாம்பியன்ஷிப்ல டைம் டிரையல் ஓட்டினார். அவர் கதையில எனக்குப் பிடிச்சது, ரேஸ் இங்க இல்லன்னா ரேஸ் இருக்கற இடத்துக்குப் போனது. ஆனா அதுக்கு ஒரு டிகிரியும் டிக்கெட் காசும் கையில இருக்கணும். பூக்கடை வீட்டுல அது சுலபம் இல்ல.

ரெண்டாவது வழி, அரசாங்கம் கட்டின படி. அது ட்ராக்லதான் இருக்கு. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லி இந்திரா காந்தி அரங்கத்துல உள்ளரங்க வெலோட்ரோம் வந்துச்சு. அதுக்கப்புறம் சின்ன வயசுப் பசங்களைத் தேடிப் பிடிச்சு அங்க தங்க வெச்சுப் பயிற்சி கொடுத்தாங்க. நிறைய பேர் அந்தமான் நிகோபார்லயும் மணிப்பூர்லயும் இருந்து வந்தவங்க.

டெபோரா ஹெரால்ட் 2004 சுனாமியில மரத்தைப் பிடிச்சு உயிர் தப்பின அந்தமான் குழந்தை. 2015-ல 500 மீட்டர் டைம் டிரையல் உலகத் தரவரிசையில 4ஆம் இடத்துக்கு வந்தாங்க. எசோ ஆல்பனும் அதே தீவுக்கூட்டத்துக்காரர்தான். 2018-ல சுவிட்சர்லாந்தோட எய்க்ல் நகர்ல நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்ல கெய்ரின்ல வெள்ளி, தங்கம் நூலிழையில போச்சு. அடுத்த வருஷம் ஜெர்மனியில எசோ ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் மூணு பேரும் ஜூனியர் டீம் ஸ்பிரின்ட்ல தங்கம். மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ 2022-ல ஆசிய சாம்பியன்ஷிப் ஸ்பிரின்ட்ல வெள்ளி வாங்கினார், இந்த முறை பெரியவங்க பிரிவுல.

கால் இருக்கு, கண்டுபிடிச்சா ஜெயிக்கறாங்கன்னு இது காட்டுது. ஆனா ஜூனியர்ல உலக சாம்பியன் ஆனவங்களும் ஒலிம்பிக் வரைக்கும் போகல. நடுவுல இன்னும் படிகள் இல்ல: வருஷம் முழுக்க வெளிநாட்டு ரேஸ், டீம், ஸ்பான்சர். இப்போதைக்கு இந்திய சைக்கிளிஸ்டுகள்ல பெரும்பாலானவங்களுக்கு மாசச் சம்பளம் வர்றது ரயில்வே, ராணுவம், போலீஸ்னு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள்ல இருந்துதான்.

சித்தப்பாவுக்கு நான் சொன்ன பதில்

போன ஞாயித்துக்கிழமை போன் போட்டேன். ஸ்பீக்கர்ல எல்லாரும் இருந்தாங்க. நான் சொன்னது இவ்வளவுதான்.

"சித்தப்பா, ஐரோப்பா டீம்ல சம்பளம் வாங்கறதுன்னா, இந்தியாவுல இருந்து எந்தப் பொண்ணுக்கும் அந்த ரோடு இன்னும் சரியா போடல. அதை நம்பி அனுப்பாதீங்க. ஆனா தேசியப் போட்டி வரைக்கும் போனா, விளையாட்டு ஒதுக்கீட்டுல காலேஜ் சீட்டுக்கும் வேலைக்கும் வழி இருக்கு. அதுல சோறு உண்டு. அதுக்கு அவ பன்னிரண்டாவதை விடக் கூடாது. மார்க் இல்லாம ஒதுக்கீடு மட்டும் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

"ஜூனியர் பிரிவுன்னா அந்த வருஷம் 17 இல்ல 18 வயசு ஆகறவங்க. அவளுக்கு இருக்கறது ரெண்டு வருஷம்தான். ட்ராக்குக்கு இப்போ போகலைன்னா அப்புறம் கஷ்டம். சைக்கிள் வாங்கித் தரணும்னு பயப்படாதீங்க. சுமாரான ரேஸ் சைக்கிளே ஐம்பதாயிரத்தைத் தாண்டும், இப்போ வேண்டாம். ட்ரயல்ல முதல்ல பார்க்கறது காலோட சக்தியைத்தான். மேலக்கோட்டையூர்ல வெலோட்ரோம் இருக்கு, ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. அந்த சாய்வைப் பார்த்து அவளே பயந்து திரும்பி வந்தா, கேள்வி அங்கயே முடிஞ்சுது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சித்தி: "ஹாஸ்டல் எல்லாம் இருக்கட்டும். இப்போ இருட்டுல தனியா சுத்தறாளே, அதுக்கு என்ன பண்றது?" அந்தக் கேள்விக்கு நான் தயாராவே இல்ல. கிரிவலப் பாதையில ஆட்டோ, பஸ், நாய், இருட்டு எல்லாம் உண்டு. சித்தி பயப்படறது நியாயம்தான்.

தங்கச்சிதான் பதில் சொன்னா. கிளாஸ்ல இன்னும் நாலு பேருக்கு அதே இலவச சைக்கிள் இருக்காம். அஞ்சு பேரும் சேர்ந்து வெளிச்சம் வந்தப்புறம் கிளம்பறதா முடிவு பண்ணியிருக்காங்க. ஒருத்தி முன்னாடி போய்க் காற்றை வாங்கணும், அஷ்டலிங்கத்துல ஒவ்வொரு லிங்கம் வரும்போதும் ஆள் மாறணும். கடைசி லிங்கம் தாண்டினதும் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பௌர்ணமி அன்னைக்கு மட்டும் லீவு, பாதை முழுக்க ஜனம் நடக்கும்.

நான் ரெண்டு வாரமா பெல்ஜியம், கெர்மெஸ்னு படிச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க அஞ்சு பேரும் ஒரு ரேஸையே தொடங்கிட்டாங்க.

சித்தப்பா ட்ரயலுக்குச் சரின்னு சொல்லியிருக்கார். அரையாண்டுப் பரீட்சை மார்க் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன்னு ஒரு நிபந்தனை. ஹாஸ்டலைப் பத்தி இன்னும் வாயைத் திறக்கல. அவ தேர்வாவாளான்னு எனக்குத் தெரியாது. அஞ்சு பேரா ஓட ஆரம்பிச்சப்புறம் நோட்டுல இருக்கற புது எண் மட்டும் தெரியும்: 33 நிமிஷம்.

உங்க ஊர்ல வண்டி அதிகம் வராத ஒரு வட்டப் பாதை இருந்தா, நாலு பசங்களைச் சேர்த்து ஒரு ஞாயித்துக்கிழமை ஓட விட்டுப் பாருங்க. ஹெல்மெட் கட்டாயம். என்ன ஆச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடறேன்.